பத்தாயிரம் ஆட்டம்

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 27. மென்பொருள் கம்பெனியில் வேலை, கல்யாணம் ஆகவில்லை, அப்பா ரிடையர்டு. கடிதத்தின் சாரம் இது. இணையத்தில் பணம் கட்டிப் போக்கர் ஆடியிருக்கிறார். பத்தாயிரம் ஆட்டம். லாபம் 50 ஆயிரம் ரூபாய். தினமும் வந்தது, போனது எல்லாம் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்து, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்துவிட்டது. 'அதனால என்ன சார், கோவால கேசினோ இருக்கு. வேலையை விட்டுட்டு ஒரு வருஷம் போய் ஆடிப் பாக்கலாம்னு இருக்கேன். அதுக்கு முன்னாடி படிக்க நல்ல புத்தகமா நாலு சொல்லுங்க' என்கிறார்.

கவனியுங்கள். வேலையை விடலாமா என்று கேட்கவில்லை. புத்தகம்தான் கேட்கிறார். நம் ஜனங்கள் பெண்ணை முடிவு செய்து, தேதியையும் குறித்துவிட்டு, மண்டபத்துக்கு மட்டும் நம்மிடம் யோசனை கேட்பது மாதிரி.

சரி, கேட்டதைச் சொல்வோம். என் தகுதியைப் பற்றி முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். தாம்பரம் - பீச் மின்சார ரயிலில் நாலு பேர் மடியில் துண்டை விரித்து ரம்மி ஆடுவதைப் பல வருஷம் நின்றுகொண்டே பார்த்திருக்கிறேன். போக்கரை மச்சினன் வீட்டில் புளியங்கொட்டை வைத்து ஆடியிருக்கிறேன். அதிலும் தோற்றேன். ஆனால் போக்கரைப் பற்றிய புத்தகங்கள் வேறு விஷயம். சீட்டைத் தொடாதவர்கள்கூட ரசித்துப் படிக்கும்படி சில இருக்கின்றன.

முதலில் ஆட்டம். தெரிந்தவர்கள் ஒரு பத்தியைத் தாண்டிக்கொள்ளலாம். இன்று பெரும்பாலும் எல்லோரும் ஆடுவது டெக்சஸ் ஹோல்டெம். ஆளுக்கு இரண்டு சீட்டு, கவிழ்த்து. பிறகு மேசை நடுவே ஐந்து சீட்டு, எல்லோருக்கும் பொது. முதலில் மூன்று, அப்புறம் ஒன்று, அப்புறம் ஒன்று என்று திறப்பார்கள். சீட்டு கொடுத்ததும் ஒரு சுற்றுப் பந்தயம், ஒவ்வொரு திறப்புக்கும் ஒரு சுற்று, ஆக நான்கு. ஏழு சீட்டில் சிறந்த ஐந்து யாருக்கோ அவருக்கு நடுவில் குவிந்த பணம். ஆட்டம் தொடங்க இரண்டு பேர் சீட்டைப் பார்க்காமலே கட்ட வேண்டிய பணத்துக்குப் பெயர் பிளைண்ட். சின்னது ஒன்று, பெரியது ஒன்று. நம் வாசகர் ஆடிய மேசையில் பெரிய பிளைண்ட் 50 ரூபாய். ஜெயிக்க இரண்டு வழி. நல்ல சீட்டு வைத்திருப்பது ஒன்று. மற்ற எல்லோரையும் பயமுறுத்திச் சீட்டைக் கீழே போட வைப்பது இன்னொன்று. இரண்டாவதுதான் ப்ளஃப். நம் ஊர் பாஷையில் உதார்.

இந்த உதார்தான் ரம்மியையும் மங்காத்தாவையும் விட்டுப் போக்கரை வேறு ஜாதியாக்குகிறது. ஜான் வான் நியூமன் என்கிற கணித மேதை, பொருளாதார நிபுணர் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னோடு சேர்ந்து 1944ல் எழுதிய ஆட்டக் கோட்பாட்டுப் புத்தகத்தில் போக்கருக்கு ஒரு தனி இடம் உண்டு. உதார் விடுவது நெஞ்சழுத்தம் அல்ல, கணக்கு என்று நிரூபித்தார். எளிய உதாரணம். நடுவில் 100 ரூபாய் இருக்கிறது. கடைசிச் சுற்றில் நீங்களும் 100 கட்டுகிறீர்கள். எதிராளி 100 போட்டுப் பார்த்தால் அவருக்குக் கிடைக்கக்கூடியது 200. இந்த நிலைமையில் நீங்கள் இப்படிக் கட்டுகிற மூன்று தடவையில் ஒரு தடவை கையில் குப்பை இருக்க வேண்டும். இரண்டு தடவை நிஜம், ஒரு தடவை பொய். அதற்கு மேல் பொய் சொன்னால் அவர் எப்போதும் பார்த்து உங்களைக் கவிழ்ப்பார். பொய்யே சொல்லாவிட்டால் அவர் எப்போதும் கீழே போட்டுவிடுவார், உங்கள் நல்ல சீட்டுக்குக் காசே பெயராது. அரிச்சந்திரனால் போக்கரில் பிழைக்க முடியாது.

வாசகர் கேட்ட நாலு புத்தகம். முதலாவது டேவிட் ஸ்க்லான்ஸ்கியின் 'தி தியரி ஆஃப் போக்கர்'. எண்பதுகளில் வந்தது. நடை என்று ஒன்று கிடையாது. வருமான வரிப் படிவத்தை நிரப்பும் குறிப்புகள் மாதிரி இருக்கும். ஆனால் இந்த ஆட்டத்தைப் பற்றி ஒரே ஒரு பெரிய எண்ணத்தை முதலில் சொன்ன புத்தகம் இது. எதிராளியின் சீட்டை நீங்கள் பார்த்திருந்தால் எப்படி ஆடியிருப்பீர்களோ, அதற்கு மாறாக ஆடும் ஒவ்வொரு தடவையும் அவருக்கு லாபம். அவர் அப்படி ஆடும்போது உங்களுக்கு லாபம். அந்த ஆட்டத்தில் யார் பணத்தை அள்ளினார் என்பது அப்புறம். உங்கள் வருமானம் என்பது நீங்கள் ஜெயித்த கைகள் அல்ல, அடுத்தவர் செய்த தப்புகள்.

இதைப் படித்துவிட்டு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். உங்களிடம் நாலு ஆட்டின் இருக்கிறது, ஐந்தாவது வந்தால் ஜெயிப்பு. இன்னும் ஒரே ஒரு சீட்டு திறக்க வேண்டும். நீங்கள் பார்க்காத சீட்டு 46, அதில் ஆட்டின் 9. ஏறக்குறைய ஐந்தில் ஒரு வாய்ப்பு. நடுவில் 100 ரூபாய், எதிராளி 50 கட்டுகிறார். 150ஐப் பிடிக்க நீங்கள் 50 போட வேண்டும். போடலாமா? கூடாது. நாலில் ஒரு வாய்ப்பாவது இருந்தால்தான் கட்டுப்படியாகும். போட்டால் ஒவ்வொரு தடவையும் சராசரியாக 11 ரூபாய் நஷ்டம். (ஆட்டின் விழுந்தபின் அவரிடமிருந்து இன்னும் கறக்கலாம் என்பது தனிக் கணக்கு, விடுங்கள்.) அவர் 20 மட்டும் கட்டியிருந்தால் தாராளமாகப் போடலாம்.

விஷமம் எங்கே என்றால், அந்தத் தப்பான 50ஐப் போட்டவருக்கு ஐந்தில் ஒரு தடவை ஆட்டின் விழத்தான் செய்யும். மேசையே 'ஆ' என்னும். 150 ரூபாய் வந்து சேரும். ராத்திரி படுக்கையில் நினைவுக்கு வருவது அந்த ஒன்றுதான். சத்தம் போடாமல் போன நாலு ஐம்பதுகள் நினைவுக்கு வராது. ஸ்க்லான்ஸ்கி இந்தச் சத்தத்தை நம் காதிலிருந்து எடுக்கப் பார்க்கிறார். நாலில் மூன்று பேருக்குப் பாதியில் தூக்கம் வரும். மீதி ஒருவர்தான் இவருடைய வாசகர்.

இரண்டாவது, டாய்ல் ப்ரன்சனின் 'சூப்பர் சிஸ்டம்'. எழுபதுகளின் கடைசியில் அவரே சொந்தக் காசில் போட்ட புத்தகம். விலை 100 டாலர், அந்தக் காலத்தில்! ப்ரன்சன் 2023ல் 89 வயதில் காலமானார். டெக்சஸில் ஊர் ஊராகப் போய்ச் சட்டத்துக்குத் தெரியாமல் நடந்த ஆட்டங்களில் ஆடியவர். ஜெயிப்பது ஒரு கஷ்டம், ஜெயித்த பணத்தோடு கொள்ளைக்காரர்களிடம் சிக்காமல் ஊர் திரும்புவது அதைவிடக் கஷ்டம். உலகப் போக்கர் தொடரின் பெரிய பந்தயத்தை 1976லும் 1977லும் ஜெயித்தார். இரண்டு வருஷமும் கடைசி ஆட்டத்தில் அவர் கையில் இருந்தது பத்தும் இரண்டும். கணக்குப்படி அது குப்பை. இன்றும் அந்த ஜோடிக்கு அவர் பெயர்தான். ஜெயித்துவிட்டால் குப்பைக்கும் பெயர் வைப்பார்கள்.

புத்தகத்தில் அவர் சொல்வது சுருக்கமாக: பயந்து ஆடாதே, அடித்து ஆடு, அடுத்தவனை முடிவு எடுக்க வை. ஒவ்வொரு வகை ஆட்டத்துக்கும் ஒரு கில்லாடியைப் பிடித்து எழுத வைத்திருக்கிறார், ஸ்க்லான்ஸ்கியும் அதில் ஒருவர். படிக்க ஜோராக இருக்கிறது, திண்ணையில் பெரியவர் ஒருவர் வெற்றிலை போட்டுக்கொண்டு பேசுவது போல. ஆனால் ரகசியங்களையெல்லாம் எழுதிவிட்டதால் தனக்கே நஷ்டம் ஆனது என்று ப்ரன்சன் பிற்காலத்தில் வருத்தப்பட்டதுண்டு. இவர் அடிக்கிற அடியை எதிர்பார்த்து எல்லோரும் காத்திருக்க ஆரம்பித்துவிட்டார்கள். சமையல் புத்தகம் எழுதினால் சாம்பாரின் ருசி குறையாது. போக்கர் புத்தகம் எழுதினால் குறையும். ஊரே கற்றுக்கொண்டால் தப்பு செய்ய ஆள் இல்லை, லாபமும் இல்லை. அதனால் 'லாபகரமாகப் போக்கர் ஆடுவது எப்படி' என்று யாராவது புத்தகம் விற்றால், ஆடுவதைவிட விற்பதில் காசு அதிகம் என்று அவர் கண்டுபிடித்துவிட்டாரோ என்று சந்தேகப்படலாம்.

ஊரே கற்றுக்கொள்ள ஆரம்பித்த வருஷம் 2003. டென்னஸி மாநிலத்துக் கணக்கர் ஒருவர் இணையத்தில் 86 டாலர் கட்டி ஒரு தகுதிப் போட்டியில் ஆடி, அதன் வழியாக லாஸ் வேகஸ் போய், 839 பேர் கலந்துகொண்ட பெரிய பந்தயத்தில் 25 லட்சம் டாலர் ஜெயித்தார். பெயர் கிறிஸ் மணிமேக்கர். நிஜப் பெயர்தான். நாவலில் வைத்தால் ஆசிரியர் வெட்டிவிடுவார். மறு வருஷம் அதே பந்தயத்துக்கு 2,576 பேர், 2006ல் 8,773 பேர். ஆட்டக்காரர்கள் கவிழ்த்து வைத்த சீட்டை டிவியில் நமக்கு மட்டும் காட்டும் காமிரா வந்ததும் ஒரு காரணம். அதற்குக் காப்புரிமை வாங்கியவர் ஹென்றி ஓரன்ஸ்டீன், நாஜி முகாம்களில் உயிர் தப்பியவர், பொம்மைகள் கண்டுபிடித்துப் பணம் பண்ணியவர். எல்லாச் சீட்டும் தெரிந்துகொண்டு சோபாவில் உட்கார்ந்து பார்க்கையில் போக்கர் ரொம்பச் சுலபம். கிரிக்கெட் மாதிரியே.

மூன்றாவது புத்தகம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆல் ஆல்வரெஸ் எழுதிய 'தி பிக்கஸ்ட் கேம் இன் டவுன்', 1983. ஆல்வரெஸ் லண்டன்காரர், கவிஞர், கவிதை விமர்சகர், தற்கொலையைப் பற்றிப் புகழ்பெற்ற ஒரு புத்தகம் எழுதியவர். இவருக்கு லாஸ் வேகஸில் என்ன வேலை? 1981ல் அந்தப் பெரிய பந்தயத்தைப் பார்க்கப் போய், ஆடுபவர்களைக் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறார். எப்படி ஜெயிப்பது என்று ஒரு வரிகூடக் கற்றுத்தருவதில்லை. அதனால்தான் எதையும் மறைக்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. அதில் வரும் மனிதர்களுக்குப் பணம் என்பது அரிசி, வாடகை, பையன் ஃபீஸ் எல்லாவற்றிலிருந்தும் கழன்றுபோய் வெறும் கருவியாகிவிடுகிறது. தச்சருக்கு உளி மாதிரி. அந்தக் கழலல் இல்லாவிட்டால் பெரிதாக ஆட முடியாது என்பதையும், கழன்றபின் திரும்பி வந்து மளிகைக் கடை வாசலில் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்பதையும் ஆல்வரெஸ் குரலை உயர்த்தாமல் காட்டுகிறார்.

அந்த 1981 பந்தயத்தை ஜெயித்தவர் ஸ்டு உங்கர். முந்தைய வருஷமும் அவர்தான். 1997ல் மூன்றாவது தடவையும் ஜெயித்துப் பத்து லட்சம் டாலர் வாங்கினார். அவரைவிடப் பிறவி மேதை சீட்டாட்டத்தில் கிடையாது என்று சத்தியம் செய்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1998 நவம்பரில், 45 வயதில், லாஸ் வேகஸில் ஒரு சாதாரண விடுதி அறையில் இறந்துகிடந்தார். கையில் சுமார் 800 டாலர் இருந்தது. போதைப் பழக்கம் பாதி, சீட்டு தவிர்த்த மற்ற சூதாட்டங்கள் பாதி. ஆல்வரெஸின் புத்தகம் இந்தச் சாவுக்கு 15 வருஷம் முன்பே வந்துவிட்டது. ஆனாலும் இப்போது எடுத்துப் படித்தால் அந்த வாசனை பக்கங்களில் இருக்கிறது. கோயம்புத்தூர் நண்பர் இந்தப் புத்தகத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

நான்காவது, மரியா கொன்னிகோவாவின் 'தி பிக்கஸ்ட் ப்ளஃப்', 2020. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் வேலையை விடத் தூண்டக்கூடிய புத்தகம் இதுதான்.

கொன்னிகோவா பத்திரிகை எழுத்தாளர், உளவியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். கட்டில் எத்தனை சீட்டு என்றுகூடத் தெரியாத நிலையில் எரிக் சைடல் என்கிற ஜாம்பவானைத் தேடிப் போய்க் குருவாக இருக்கச் சொல்கிறார். (1988ல் கடைசி மேசையில் ஜானி சானிடம் தோற்றாரே, அதே சைடல். 'ரவுண்டர்ஸ்' படத்தில் அந்தக் காட்சி வரும்.) அவரும் சம்மதிக்கிறார். ஒரு வருஷத்தில் கற்றுக்கொண்டு பெரிய பந்தயத்தில் ஆடுவது என்று திட்டம். வீட்டில் அப்போது அடிமேல் அடி. பாட்டி விழுந்து இறந்துபோகிறார், அம்மாவுக்கு வேலை போகிறது, கணவருக்கும் போகிறது, இவருக்கே இன்னதென்று தெரியாத ஒரு வியாதி. வாழ்க்கையில் எது நம் கையில், எது அதிர்ஷ்டம் என்று பிரித்துப் பார்க்கத்தான் போக்கருக்கு வருகிறார். இந்தத் தொடக்கம் நேர்மையானது, நன்றாகவும் எழுதப்பட்டிருக்கிறது.

புத்தகத்தின் உயிர் சைடல்தான். அவர் அதிகம் பேசுவதில்லை. சிஷ்யை ஒரு நாள், 'நல்ல சீட்டு வைத்திருந்தும் அநியாயமாகத் தோற்றேன்' என்று புலம்ப வருகிறார். சைடல் அந்தக் கதையைக் கேட்கவே மறுக்கிறார். எப்படி முடிந்தது என்பது வேண்டாம், நீ என்ன யோசித்து அந்த முடிவு எடுத்தாய், அதை மட்டும் சொல் என்கிறார். நான் படித்ததில் வாத்தியார் வேலைக்கு இதைவிட நல்ல உதாரணம் குறைவு. நம் வீடுகளில் மார்க் ஷீட் வந்த அன்று இப்படி ஒரு அப்பா பேசி நீங்கள் பார்த்ததுண்டா?

இன்னொரு நல்ல இடம், தன்னையே கவனிப்பது. ஆண்கள் நிறைந்த மேசையில், மரியாதைக்காகவும் சங்கடத்துக்காகவும் தான் எத்தனை தடவை சீட்டைக் கீழே போட்டுவிட்டோம் என்று கொன்னிகோவா எண்ணிப் பார்க்கிறார். வெளியில் சம்பளம் பேசும்போதும் இதையேதான் செய்திருக்கிறோம் என்று புரிகிறது. போக்கர் தெரியாத பெண்களுக்கும் இந்தப் பக்கங்களைக் காட்டலாம்.

குறைகள்? ஒரு காட்சி நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே உளவியல் பரிசோதனை ஒன்று வந்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருகிறது. அது முடிந்ததும் ஒரு பாடம். வாசகனை நம்பாத எழுத்து. ஆல்வரெஸ் அரைப் பக்கத்தில் விட்டுவிடுவதை இவர் ஆறு பக்கம் விளக்குகிறார். அதைக்கூட மன்னித்துவிடலாம்.

மன்னிக்க முடியாதது இது. 2018 ஜனவரியில் பஹாமாஸில் நடந்த ஒரு பந்தயத்தில் கொன்னிகோவா முதலிடம் வந்து 84,600 டாலர் ஜெயித்தார். புத்தகத்தின் சிகரம் அது. எழுதுவதைத் தள்ளிவைத்துவிட்டு மேலும் ஆடப் போனதும் அதற்குப் பிறகுதான். முடிவை வைத்து ஆட்டத்தை எடைபோடாதே என்று முன்னூறு பக்கம் சொல்லிக்கொடுக்கும் புத்தகம், தான் இருப்பதற்கே ஒரு முடிவை நம்பியிருக்கிறது. அவர் பஹாமாஸில் முதல் நாளே வெளியேறியிருந்தால், அதே புத்திசாலித்தனமான முடிவுகளோடு வெளியேறியிருந்தால், இதே புத்தகம் இதே அட்டையோடு வந்திருக்குமா? அட்டையிலேயே 'ஜெயித்தேன்' என்கிற அர்த்தம் வருகிற ஒரு சொல் இருக்கிறது. இந்தக் கேள்வியைக் கொன்னிகோவா உரசிவிட்டுப் போகிறார், உட்கார்ந்து பதில் சொல்வதில்லை. இதே மேசையில் உட்கார்ந்து, இதே மாதிரி படித்து, ஜெயிக்காமல் போன ஆயிரம் பேரின் புத்தகம் எந்தக் கடையிலும் இல்லை. தவிரவும், சைடல் மாதிரி குரு எல்லோருக்கும் கிடைப்பாரா? புத்தகத்துக்கு ஒப்பந்தம்? நம் நண்பருக்கு இருப்பது ஒரு நோட்டு.

அந்த நோட்டுக்கு வருவோம். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெரிய பிளைண்ட் 50 ரூபாய் என்றால், 50 ஆயிரம் என்பது ஆயிரம் பெரிய பிளைண்ட். இந்த ஆட்டத்தில் நூறு ஆட்டத்துக்குச் சுமார் 80 முதல் 100 பெரிய பிளைண்ட் வரை மேலும் கீழும் ஊசலாடும், திறமையாக ஆடினாலும். 90 என்று வைத்துக்கொள்வோம். பத்தாயிரம் ஆட்டத்தில் அந்த ஊசல் பத்து மடங்காகி 900 ஆகும். அதாவது லாபமும் இல்லாத நஷ்டமும் இல்லாத சராசரி ஆட்டக்காரர்கள் நூறு பேரைப் பத்தாயிரம் ஆட்டம் ஆட விட்டால், கிட்டத்தட்ட 13 பேர் கையில் நம் நண்பரின் நோட்டு மாதிரியே ஒன்று இருக்கும். அல்லது அதைவிட நல்ல நோட்டு. மற்ற 87 பேர் எனக்குக் கடிதம் போடமாட்டார்கள்.

மாற்றியும் பாருங்கள். ஒருவர் நிஜமாகவே கெட்டிக்காரர், நூறு ஆட்டத்துக்கு 5 பெரிய பிளைண்ட் சம்பாதிக்கிற திறமை, கேசினோவின் கழிவெல்லாம் போக. பத்தாயிரம் ஆட்டம் ஆடியபின் அவர் நஷ்டத்தில் நிற்க வாய்ப்பு நூற்றுக்கு 29. நேரில் ஆடினால் மணிக்கு 30 ஆட்டம்தான் முடியும். தினம் 8 மணி நேரம் என்றால் பத்தாயிரம் ஆட்டத்துக்கு 42 நாள். நாற்பத்திரண்டு நாள் ஞாயிற்றுக்கிழமை கூட இல்லாமல் நன்றாக ஆடிவிட்டு, பத்துப் பேரில் மூன்று பேர் கைக்காசு இழந்து நிற்பார்கள். லட்சம் ஆட்டம் ஆடினால் அந்த வாய்ப்பு நூற்றுக்கு நாலாகக் குறையும். அதற்கு 417 நாள். ஒரு வருஷம் முயற்சி செய்து பார்க்கிறேன் என்கிறார். ஒரு வருஷத்தில் தெரிந்துவிடாது, அதுதான் சிக்கல்.

கேசினோவின் கழிவு என்றேன். அதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுப்பணத்திலிருந்து வீட்டுக்காரர் ஒரு பங்கு எடுத்துக்கொள்வார். லாஸ் வேகஸில் ஒரு சின்ன மேசை, பெரிய பிளைண்ட் 2 டாலர், ஒன்பது பேர், சராசரியாக ஆட்டத்துக்கு 4 டாலர் கழிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 120 டாலர் மேசையிலிருந்து எழுந்து போய்விடுகிறது. ஆளுக்கு 13. சீட்டு எடுக்குமுன்பே மணிக்கு ஆறேழு பெரிய பிளைண்ட் பின்னால் இருக்கிறீர்கள். பக்கத்தில் இருப்பவரைவிட நன்றாக ஆடினால் போதாது. இந்தத் தொகைக்கும் மேலே நன்றாக ஆட வேண்டும்.

இதற்கிடையில் கம்ப்யூட்டர் வேறு வந்துவிட்டது. 2017ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ரடஸ் என்கிற நிரல், பிட்ஸ்பர்க்கில் நாலு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 1,20,000 ஆட்டம் ஆடிச் சுமார் 17 லட்சம் டாலர் கணக்குள்ள சில்லுகளை ஜெயித்தது. 2019ல் ப்ளூரிபஸ் ஆறு பேர் மேசையிலும் ஜெயித்துக் காட்டியது. இன்றைய பையன்கள் ப்ரன்சனைப் படிப்பதில்லை. சால்வர் என்கிற மென்பொருளைத் திறந்து, எந்தச் சீட்டை எத்தனை சதவீதம் உதார் விட வேண்டும் என்று மனப்பாடம் செய்கிறார்கள், நாம் வாய்ப்பாடு ஒப்பித்த மாதிரி. வான் நியூமன் மூன்றில் ஒன்று என்றதை இவர்கள் தசம புள்ளி வரை வைத்திருக்கிறார்கள். கோவாவில் எதிர் நாற்காலியில் உட்காரப் போவது இவர்களில் யாராவதாக இருக்கலாம்.

சூதாடக் கற்றுக்கொண்டு ஜெயித்த ஆள் நம் பழங்கதையில் உண்டா என்று யோசித்தேன். நளன் இருக்கிறான். தேரோட்டியாக இருந்தபோது, இருதுபர்ண மன்னன் தான்றி மரத்தைப் பார்த்த மாத்திரத்தில் இலையும் காயும் இத்தனை என்கிறான். எண்ணிப் பார்த்தால் சரியாக இருக்கிறது. குதிரை வித்தையைக் கொடுத்து அந்தக் கணக்கு வித்தையை வாங்கிக்கொண்ட பிறகுதான் நளன் மறுபடி ஆடி ராஜ்யத்தை மீட்கிறான். உதிர்ந்ததை வைத்து மொத்தத்தைச் சொல்கிற புள்ளியியல்! தருமருக்கும் வனவாசத்தில் பிருகதசுவ முனிவர் பகடையின் சூட்சுமத்தைக் கற்றுக்கொடுத்தார். ஆனால் கற்றுக்கொண்டபின் தருமர் துரியோதனனைத் தேடிப் போகவில்லை. விராடன் அரண்மனையில் ராஜாவோடு பொழுதுபோக்காக ஆடிக்கொண்டு ஒரு வருஷத்தைத் தள்ளினார். சம்பளத்துக்கு.

வள்ளுவரும் சூது அதிகாரத்தைத் தோற்றவனைத் திட்டி ஆரம்பிக்கவில்லை. ஜெயித்தவனைப் பார்த்துத்தான் முதல் எச்சரிக்கை. வந்த காசை, மீன் விழுங்கின தூண்டில் முள்ளோடு ஒப்பிடுகிறார். 'விட்ட இடத்துலதான் பிடிக்கணும்' என்று சொல்பவனைவிட, நோட்டில் லாபம் காட்டுபவனைப் பற்றி அவருக்குக் கவலை அதிகம் போலிருக்கிறது.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1968லேயே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டின் தடைச் சட்டம் வந்தபோது, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலில் சேர்த்தது செல்லாது என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. திறமையா, அதிர்ஷ்டமா என்று அரை நூற்றாண்டுக்கு மேல் வாதாடினோம். 2025ன் மத்திய சட்டம் அந்தக் கேள்வியையே கேட்கவில்லை. பணம் கட்டி ஆடுகிறாயா என்று மட்டும் கேட்டது. எனக்கு இதில் இரண்டு மனம். போக்கர் திறமை ஆட்டம்தான், லட்சம் ஆட்டத்தில். முதல் ஆயிரத்தில் அதுவும் மங்காத்தாவும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். கடன் வாங்கி இணையத்தில் ஆடி உயிரை விட்டவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களில் யாரும் லட்சம் ஆட்டம்வரை காத்திருக்கவில்லை.

நண்பருக்குப் பதில் எழுதினேன். ஸ்க்லான்ஸ்கியைக் காசு கொடுத்து வாங்குங்கள், கொன்னிகோவாவை யாரிடமாவது இரவல் வாங்குங்கள், ப்ரன்சன் கிடைத்தால் சரி, ஆல்வரெஸை இரண்டு தடவை படியுங்கள் என்று. கூடவே ஒரு வேலை கொடுத்தேன். பழைய ஆட்டங்களின் கோப்புகள் கம்ப்யூட்டரில் இருந்தால், 50 ஆயிரமும் யார் யாரிடமிருந்து வந்தது என்று ஆள் வாரியாகப் பிரித்து எழுதுங்கள் என்று கேட்டேன்.

பத்து நாளில் பதில் வந்தது. ஒழுங்கான பிள்ளை, அழகாகப் பட்டியல் போட்டிருக்கிறார். 50 ஆயிரத்தில் 38 ஆயிரம் ஒரே ஆளிடமிருந்து வந்திருக்கிறது. புனைபெயர்தான் தெரியும், நிஜப் பெயர் தெரியாது. ராத்திரி பதினொன்றுக்கு மேல்தான் வருவாராம். எந்தச் சீட்டு வந்தாலும் கீழே போடமாட்டாராம். ஒரே ராத்திரியில் நாலு தடவை புதிதாகப் பணம் கட்டி உள்ளே வந்திருக்கிறார். மூன்று வாரம் வந்தார். அப்புறம் வரவில்லை.

கடைசி வரியில் நம் நண்பர் கேட்டிருக்கிறார், 'அந்த ஆளுக்கு என்ன ஆகியிருக்கும் சார்?'